பேப்பர் பார்த்துக் காத்த துடக்கு

சிங்கப்பூர் விழுந்த செய்தி திருகோணமலைக் கரையிலிருக்கும் எங்கள் உப்புவெளிக்கு வந்த பின்னேரம் எல்லாரும் நின்றுபோனார்கள். மாமாவின் கால் மட்டும் நிற்கவில்லை. அவருடைய தையல் மெசின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. கறுப்புத் துணி, கறுப்பு நூல். இரவில் வெளிச்சம் கடல் பக்கம் கசிந்துவிடக் கூடாதென்று துரைமாரின் பங்களா யன்னல்களுக்கு அந்த மாதங்களில் அவர் தைத்ததெல்லாம் திரைதான். மிஞ்சிய துண்டுகளை எனக்குத் தருவார். என் பாவைப்பிள்ளைகள் எல்லாம் கறுப்பு உடுத்திச் சுவரோரம் வரிசையாய்ச் சாய்ந்திருந்தன, செத்த வீட்டுக்கு வந்து கதைப்பதற்கு ஒன்றுமில்லாமல் இருப்பவர்களைப் போல.

"எனக்கு இது முந்தியே தெரியும்" என்றார் மாமா, நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி.

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அம்மாவின் மூத்த அக்கா, என் பெரியம்மா, கலியாணம் முடித்துச் சிங்கப்பூருக்குப் போனவர். கொழும்பு ரயிலில், நாங்கள் கோச்சி என்போம், வந்திறங்கும் தமிழ்ப் பேப்பரில், சிங்கப்பூர் அசையாது என்று நாள் தவறாமல் இருக்கும். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். தன் தம்பியை, என் மாமாவை, கூப்பிட்டு அந்த இடத்தை வாசிக்கச் சொல்லி, கேட்டு, தலையாட்டி, அதன் பிறகுதான் சோற்றுக் கோப்பையில் கை வைப்பார். அசையாது. அசையாது. படைகள் ஒழுங்காகப் பின்வாங்குகின்றன. அசையாது. பிறகு ஒரு நாள், ஒரே தலைப்பில், விழுந்தே விட்டது. பெரியம்மாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அன்று தொடக்கம் பேப்பர் எங்கள் வீட்டில் பொய் சொல்லிப் பிடிபட்ட மனிதனைப் போல ஆயிற்று. ஆனாலும் அவனை வாசலோடு திருப்பி அனுப்ப ஏலவில்லை. வேறு யார் வந்து எங்களுக்கு உலகத்துக் கதை சொல்லப் போகிறார்?

அப்போதுதான் மாமா தன் வித்தையைக் கண்டுபிடித்தார். சட்டை எப்படித் தைக்கப்பட்டிருக்கிறது என்று அறிய வேண்டுமானால் அதை வெளிப்புறமாய்ப் பார்க்கிறவன் மடையன்; உட்புறம் வெளியே வரத் திருப்ப வேண்டும்; ஒட்டும் கிழிசலும் பிசகிய தையலும் அங்கேதான் கிடக்கும். பேப்பரும் ஒரு சட்டைதான் என்பார்.

"எதிரிக்குப் பெரிய நட்டம் எண்டு போட்டால், நட்டம் எங்களுக்கு. ஒழுங்காய்ப் பின்வாங்கினம் எண்டால், செருப்பையும் விட்டிட்டு ஓடினவங்கள். சேதம் சொற்பம் எண்டால்..." அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு, கத்தரிக்கோலை எடுத்து வெறுங்காற்றை ஒருதரம் வெட்டுவார்.

சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டு வருகிறவர்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார், கோயில் மாலை கட்டுகிறவர், எல்லாரும் பின்னேரங்களில் மாமாவின் கடை முன்னால் கூடினார்கள். சாத்திரம் கேட்க வருகிறவர்களின் முகம் அவர்களுக்கு. ஒருநாள் வயது போன ஒருவர் பேப்பரை நீட்டிக்கொண்டு, "தம்பி, இண்டைக்கு எல்லாம் நல்லதாயல்லோ எழுதிக் கிடக்கு, இனி என்னடா செய்யிறது?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. நல்ல செய்திக்குப் பயப்படப் பழகிய ஊரில் நான் எட்டு வயதுப் பிள்ளையாய் இருந்தேன்.

அப்பா இந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அவருக்குத் துறைமுகத்து டொக்யாட்டில் கப்பல்களுக்குப் பூச்சு அடிக்கிற வேலை. கடல் எது, கப்பல் எது என்று மேலேயிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாதபடி எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்குவதுதான் வேலை. ஆகவே அப்பா கப்பல்களை ஒளித்து வைக்கிறவர் என்று நான் நம்பியிருந்தேன். நகக்கண்ணெல்லாம் சாம்பல். கட்டிப்பிடித்தால் டர்பன்டைன் மணம். அவரோடு சோடியாய் வேலை செய்தவர் குறிஞ்சாக்கேணிக்காரர், முஸ்லிம். அந்தப் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நாங்களும் அவரைக் காக்கா என்றே அழைத்தோம். கப்பலின் பக்கவாட்டில் கயிற்றில் தொங்கும் ஒரு பலகை, அதன் ஒரு முனையில் அப்பா, மறு முனையில் காக்கா. ஒருவர் அசைந்தால் மற்றவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மாதம் முழுக்க அப்படித் தொங்கியவர்களுக்குள் ஒளிவு மறைவு என்ன இருக்கும்? எங்கள் வீட்டு முருங்கைக்காய் அவர் வீட்டுக்குப் போகும், அவர் வீட்டுத் தயிர் எங்கள் வீட்டுக்கு வரும்.

பிறகு கொழும்பில் குண்டு விழுந்தது. எதிரி விமானங்கள் பலவற்றை விழுத்திவிட்டதாயும் சேதம் சொற்பமென்றும் பேப்பர் சொல்லிற்று. மாமா கத்தரிக்கோலை எடுக்கவில்லை. "அக்கா, கொழும்பு முடிஞ்சுது. அடுத்தது நாங்கள்தான்" என்றார். அம்மா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலையை அப்படியே கவிழ்த்து நெருப்பை அணைத்தார்.

அன்றைக்கே தெருவெல்லாம் வண்டிகள். பாய், பானை, சுவாமிப் படம், கட்டிய ஆடு. அப்பாவுக்கு லீவு இல்லை; சொல்லாமல் போனால் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று பயம். காக்காதான் சொன்னார், "என்ட வீட்ட கொண்டு போய் விடுங்க. அங்க காடும் களப்பும்தான். அவனுக்கு என்ன பைத்தியமா, எங்கட ஆட்டுக்குக் குண்டு போட?" அப்பா சிரித்தார். நாங்கள் மூன்று பேர், அம்மாவும் மாமாவும் நானும், தோணியேறிக் குடாவைக் கடந்தோம். காக்காவும் அப்பாவும் துறையில் நின்று கை காட்டினார்கள். சாம்பல் பூசிய இரண்டு கைகள். தண்ணீர் அகல அகல, எது யாருடைய கை என்று தெரியாமல் போயிற்று.

காக்காவின் மனைவியை ராத்தா என்று கூப்பிடச் சொன்னார் அம்மா. அக்கா என்பதற்கு அவர்கள் சொல். ராத்தாவுக்குப் பிள்ளைகள் இல்லை. வீடு நிறையச் சத்தம் இல்லை என்பதற்காகவே அவர் ஓயாமல் கதைப்பார் போலும்: ஆட்டோடு, கோழியோடு, அடுப்போடு. என்னைக் கண்டதும் ஆட்டை விட்டுவிட்டார். "மெலிஞ்சு போயிருக்கீங்க மகள். டவுன்ல சோறு இல்லையா?" என்று கேட்டு, நான் பதில் சொல்லுமுன் வாயில் ஒரு உருண்டையை வைத்துவிட்டார்.

வருசப் பிறப்புக்குச் சில நாள்தான் இருந்தது. அன்று காலை நான் பல் தீட்டிக்கொண்டு, கடல் உள்ளே புகுந்து ஏரியாய்க் கிடக்கும் களப்போரம் நின்றேன். முதலில் நீர்க்காகங்கள் எழும்பின. எல்லாம் ஒன்றாய், கறுப்பாய், சத்தமே இல்லாமல். அதற்குப் பிறகுதான் வானத்தில் உறுமல். வெள்ளிப் பொட்டுகள். அவை அழகாக இருந்தன என்று சொல்ல எனக்கு இன்றும் பயமாயிருக்கிறது. காலுக்குக் கீழே ஈரமண் அதிர்ந்தது, களப்புத் தண்ணீர் சிலிர்த்தது, கொதிக்கப் போகும் பாலின் ஆடை மாதிரி. அம்மா ஓடி வந்து என்னைத் தூக்கவில்லை. இழுத்தார், சீலையைப் பிடித்து இழுப்பதுபோல. கட்டிலுக்குக் கீழே நாலு பேரும் கிடந்தோம். ராத்தா ஓதிக்கொண்டிருந்தார், அம்மா முருகா முருகா என்றார், மாமாவின் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் இரண்டுக்கும் நடுவில் கேட்டது.

வெளியே வந்தபோது வடக்கே புகை நின்றது. எழும்பிற்று என்று சொல்ல ஏலாது, நின்றது. எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிகிறது என்று வழியால் ஓடி வந்தவர்கள் சொன்னார்கள். அன்று அணையவில்லை. மறுநாளும் அணையவில்லை. சூரியன் செம்பு நாணயம் மாதிரி மங்கிக் கிடந்தது. கொடியில் காய்ந்த துணியில் கரி, கோழிச் சிறகில் கரி, சோற்றைத் திறந்தால் சோற்றில் கரி. நான் விரலால் ஒன்றை ஒற்றியெடுத்து முகர்ந்து பார்த்தேன். டர்பன்டைன் மணம் இருக்கிறதா என்று.

தோணிகள் ஓடவில்லை. துறைமுகப் பக்கமிருந்து யாரும் வரவில்லை. வந்தவர்களெல்லாம் ஓடிப்போனவர்கள், அவர்கள் கண்டது தங்கள் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தத்தை மட்டும். ஒருவர் துறைமுகமே இல்லை என்றார். இன்னொருவர் கப்பல் ஒன்றுகூட அங்கே இருக்கவில்லை, எல்லாம் முந்தியே வெளிக்கிட்டுப் போய்விட்டன என்றார். பயத்துக்குத் தீனி வேண்டும். கதை கதையாய்ப் போட்டார்கள், அது தின்றுகொண்டே இருந்தது.

மாமா பேப்பர் தேடித் தம்பலகாமத்துக்கு நடந்தார். இருட்டுமுன் திரும்பி வந்தார். ஒரு கையில் கோயிலில் வாங்கிய மருத்துநீர்ப் போத்தல். வருசம் பிறக்கும்போது மூத்தவர்கள் அதைத் தலையில் வைத்துவிட, பிறகுதான் நாங்கள் முழுகுவோம். மறு கையில் பேப்பர், நாலாய் மடித்து. முற்றத்தில் நின்றபடியே நீட்டினார், உள்ளே வரவில்லை.

"வாசி" என்றார் அம்மா.

மாமா வாசித்தார். எங்கள் ஊரின் பெயர் அச்சில் வந்ததை அப்போதுதான் நான் முதன்முதல் கேட்டேன். ஏதோ தூரத்து நாட்டின் பெயர் போலிருந்தது. எதிரி விமானங்கள் வந்தன. பல விழுத்தப்பட்டன. துறைமுகத்தில் சேதம் சொற்பம். உயிர்ச்சேதம் மிகச் சில. அவ்வளவுதான். பக்கத்திலேயே கூந்தல் தைல விளம்பரம்.

ராத்தா நெஞ்சில் கை வைத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று பெருமூச்சு விட்டார். "மிகச் சில எண்டுதானே போட்டிரிக்கி. வந்திருவாங்க ரெண்டு பேரும்." எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டார். அரிசி களையும் சத்தம் கேட்டது.

அம்மா அசையவில்லை. "இனித் திருப்பு" என்றார்.

"என்னத்தையக்கா?"

"ஊருக்கெல்லாம் திருப்பினனீ. கொழும்பைத் திருப்பினனீ. இதையும் திருப்பு."

மாமாவின் கழுத்தில் வேர்வை ஓடியது. "எல்லாம் அப்பிடி இல்லையக்கா. சிலது நேராயும் இருக்கும்."

"எப்ப தொடக்கம்?"

"அக்கா..."

"ஊருக்கொரு சட்டை, எனக்கொரு சட்டையோடா? திருப்படா!"

மாமா பேப்பரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், வடக்கே நின்ற புகையைப் பார்த்தார். பிறகு அதை நாலாய், எட்டாய், இனி மடிக்க ஏலாது என்னும் மட்டும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அந்த மடிப்பே அம்மாவுக்குப் போதுமாயிருந்தது. சேதம் சொற்பமென்றால் ஒன்றுமே மிஞ்சவில்லை. மிகச் சிலர் என்றால் எல்லாரும்.

அம்மா ஒப்பாரி வைக்கவில்லை. வைத்திருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். கிணற்றடியில் போய்த் தலைக்கு வார்த்துக்கொண்டு வந்தார். நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை. தண்ணீரில் அது போயிற்று, அவர் புதிதாய் வைக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை, சீலைக்குள்ளே தள்ளிவிட்டுக்கொண்டார். ஈரத் தலையோடு புகை தெரிகிற பக்கம் பார்த்து இருந்தார். "மருத்துநீரைத் திறக்க வேண்டாம்" என்றார். "இது துடக்கு வீடு. வருசம் எங்களுக்கு இல்லை." சாவு விழுந்த வீட்டில் நல்ல நாள் பெருநாள் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் யார் செத்தது? பிரேதம் இல்லை, பறை இல்லை, வந்து கட்டிப்பிடித்து அழ ஒரு சனம் இல்லை. பேப்பரைப் பார்த்துத் துடக்குக் காத்த வீடு எங்கள் பக்கத்தில் வேறொன்று இருந்திருக்குமா தெரியவில்லை.

அந்த நாட்களில் நான் பேப்பரின் கட்சியில் சேர்ந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. அம்மா நம்பாமல் இருப்பதால் அப்பா செத்துக்கொண்டிருக்கிறார். நான் நம்பினால் பிழைத்துக்கொள்வார். தராசின் ஒரு தட்டில் அம்மா இருந்தார், மறு தட்டில் நான் ஏறி நின்று மிதித்தேன். மாமாவை வேலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், "வாசியுங்கோ மாமா, அந்த இடத்தை மட்டும்" என்று கெஞ்சுவேன். அவர் பையிலிருந்து எடுத்து விரிப்பார். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்துத் தேயத் தொடங்கியிருந்தது. 'மிகச் சில' என்பதில் மடிப்பு விழுந்துவிடுமோ என்று எனக்குப் பெரும் பயம். நேராய் வாசிப்பார், திருப்பாமல், குழந்தைக்கு மருந்து கொடுக்கிற குரலில். ஊருக்கெல்லாம் சாத்திரம் சொன்ன மனிதர் தன் வித்தையைத் தானே கண்டு ஒளிந்து திரிந்தார்.

இன்னொரு செய்தியும் வந்தது. எதிரியின் ரேடியோவில், திருகோணமலை சாம்பலாகிவிட்டது, இனி அப்படியொரு துறைமுகம் இல்லையென்று சொன்னார்களாம். கந்தளாய்ப் பக்கமிருந்து வந்த லொறிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். ஒருவர் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறார், மற்றவர் ஒன்றுமே மிஞ்சவில்லை என்கிறார். இரண்டு பேரும் தாங்கள்தான் வென்றோம் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில், எங்கோ ஒரு வரிக்கும் மறு வரிக்கும் இடையிலுள்ள வெள்ளை இடத்தில், என் அப்பாவும் காக்காவும் சாம்பல் வாளியோடு நின்றுகொண்டிருந்தார்கள். பின்னாளில், வளர்ந்தபிறகு, அந்தத் தாக்குதலைப் பற்றி எழுதியவைகளை நான் தேடித் தேடி வாசித்திருக்கிறேன். எதிரி வந்தான், அடித்தான், திரும்பிப் போனான், மறுபடி வரவில்லை. ஆகவே அது வெற்றி என்று முடித்திருப்பார்கள். முடிவு தெரிந்தபிறகு எழுதுவது எவ்வளவு சுகமான வேலை! அந்தக் கிழமை குறிஞ்சாக்கேணியில் முடிவு இருக்கவில்லை. புகை இருந்தது.

ராத்தா ஒவ்வொரு வேளையும் இரண்டு கோப்பைச் சோறு கூடுதலாய்ப் போட்டு மூடி வைப்பார். மறுநாள் காலை அதற்குத் தண்ணீர் ஊற்றி, தயிரும் வெங்காயமும் போட்டு எனக்கும் மாமாவுக்கும் தருவார். "வாறவங்க பசியோட வருவாங்க. வந்தாப் பிறகா உலை வெக்கிறது?" அம்மாவைப் பார்த்து அதட்டுவார். "என்ன புள்ள இது? எழுதினவன் படிச்சவன்தானே. பொய் எழுதினா அவனுக்கும் அல்லாஹ் இரிக்கான். நீங்க நல்லாயிரிக்கிற மனுசனச் சாகடிக்காதீங்க." இரண்டு பெண்கள், ஒரே முற்றம், ஒரே பேப்பர். ஒருவர் அதைக் கேட்டுவிட்டுச் சமைத்தார். மற்றவர் அதைக் கேட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார். எனக்குச் சமைப்பவரைத்தான் பிடித்திருந்தது.

வருசம் பிறந்த அன்று காலை நான் போத்தலைப் பார்த்துக்கொண்டு மூலையில் இருந்தேன். ராத்தா குனிந்து காதுக்குள் கேட்டார், "அது என்ன மகள், தலையில வெக்கிறதா?" நான் ஓமென்றேன். "யாரு வெக்கணும்?" மூத்தவர்கள் என்றேன். "நான் மூத்தவதானே" என்றார். ஆட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். எத்தனை சொட்டு, எந்த இடத்தில், எந்த இலையோடு என்பதொன்றும் அவருக்குத் தெரியாது. உள்ளங்கை நிறைய ஊற்றி உச்சியில் வைத்து, எண்ணெய் தேய்ப்பதுபோல் அரக்கித் தேய்த்தார். மஞ்சளும் மூலிகையும் கண்ணுக்குள் ஒழுகிற்று. "என்ன சொல்லணும்?" என்றார். எனக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததை அவர் ஓதினார். எனக்குள் ஏதோ இளகியது. இனி அப்பா வந்தே தீருவார் என்று நிச்சயம் வந்துவிட்டது.

மஞ்சள் தலையோடு நான் உள்ளே போனபோது அம்மா ஏறிட்டுப் பார்த்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. என் தலையைத் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோய், மணந்து பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு, வானத்தில் வடக்கே சும்மா ஒரு மங்கலாய்ப் புகை மெலிந்திருந்த ஒரு மத்தியானம், அப்பா வந்தார்.

களப்போரம் ஒருவர் நடந்து வருவதை நான்தான் முதலில் கண்டேன். இடுப்பில் கட்டியிருந்த சாரன் அவருடையதல்ல. ஒரு பக்கப் புருவம் இல்லை. முகத்தில் பூச்சு அல்லாத வேறொரு கறுப்பு. நடை மட்டும் அப்பாவின் நடை. வேலி அருகே அம்மா எழும்பி நின்றார். ஓடவில்லை. கை தானாக நெற்றிக்குப் போனது, அங்கே பொட்டு இல்லாததைத் தொட்டுவிட்டு, பதறி, சீலைக்குள்ளிருந்து தாலியை வெளியே இழுத்து எடுத்தது. அதன் பிறகுதான் கால்கள் மடிந்தன. அப்பா அம்மாவைத் தூக்கி நிறுத்திய விதத்தில் என்னமோ பிசகு இருந்தது. பாரம் தூக்கிப் பழகிய மனிதர் பாரம் தூக்கி அலுத்தவர் போல. மாமா பேப்பரைப் பையிலிருந்து இழுத்து, "நான் சொன்னனான்! நேராயும் இருக்கும் எண்டு நான் சொன்னனானோ இல்லையோ?" என்று கத்தினார், கண்ணீரும் சளியும் வாய்க்குள் போக.

அப்பா தண்ணீர் கேட்டார். செம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். வாளியில் பூச்சு தீர்ந்துபோனதென்று, எடுத்துவரத் தன்னை மட்டும் ஸ்டோருக்கு அனுப்பினார்கள் என்றார். திரும்பி வர விடவில்லை, அணைக்கவும் அள்ளவும் அவ்வளவு நாளும் மறித்து வைத்தார்கள் என்றார். முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். மூடி வைத்திருந்த இரண்டு கோப்பைகளையும் பார்த்தார். "ராத்தா எங்கை?" என்று கேட்டார், அம்மாவை அல்ல, நிலத்தை.

"கிணத்தடியில" என்றேன் நான். கேட்டது போதும் எனக்கு. பாய்ந்தேன். "பிள்ளை, நில்லு! நில்லெண்டு சொல்லுறன்!" என்று அப்பா பின்னால் கத்தினார். வெயிலுக்குள் ஓடுகிறேன் என்று பேசுகிறாராக்கும். அவர் பேச்சைக் கேட்டு எத்தனை நாள்! அந்தச் சந்தோசத்தில் இன்னும் வேகமாய் ஓடினேன்.

ராத்தா வாளியைப் பாதி இழுத்திருந்தார். "ராத்தா, பேப்பர் பொய் சொல்லேல்லை! அப்பா வந்திட்டார்!" கயிறு அவர் கையை விட்டுப் போயிற்று, வாளியும் கயிறுமாய்ச் சேர்ந்து கிணற்றுக்குள் விழுந்து முழங்கிற்று. நான் எட்டிப் பார்த்தேன்.

"கிடக்கட்டும் மகள். காக்கா வந்து எடுப்பாரு" என்றார் ராத்தா. ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், முக்காட்டை இழுத்துவிட்டார், அவிழ்ந்திருந்த தலைமுடியை உள்ளே செருகினார். சிரித்தார். அவருக்கு அவ்வளவு பற்கள் இருந்ததை அன்றுதான் கண்டேன். "நான் சொன்னேனா இல்லையா உங்கட உம்மாக்கு? சோறு ஆறியிரிக்கும், மீன் ஒண்டு பொரிக்கணும். வாங்க, வாங்க." என் கையைப் பிடித்தார். இரண்டு பேருமாய் ஓடினோம். அப்பா வந்தால் காக்காவும் வந்த மாதிரித்தானே. எனக்கு அதில் கேள்வியே இருக்கவில்லை. அவர் என்னை இழுத்தாரா, நான் அவரை இழுத்தேனா தெரியாது. வேலித் தடி என் காலைக் கீறியது, நான் நிற்கவில்லை.

முற்றத்தில் மூன்று பேரும் விட்ட இடத்திலேயே நின்றார்கள். மாமாவின் கையில் பேப்பர் இன்னும் விரிந்திருந்தது. அவர் அதைப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அம்மா, புருசன் உயிரோடு திரும்பி வந்த அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அப்பா எங்களைப் பார்த்தார். பிறகு, ராத்தாவின் முகத்துக்கு நேரே நிற்க ஏலாமல், மெல்ல மெல்லத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ராத்தா வேலிவாசல் படலையைப் பார்த்தார். படலைக்கு அப்பால் வெறும் களப்போரம் நீண்டு கிடந்தது. அவர் கைக்குள் இருந்த என் கையை அவர் விடவில்லை. முதலில் மெதுவாய் இருந்த பிடி இறுகிற்று; இன்னும் இறுகிற்று; விரல் எலும்புகள் ஒன்றோடொன்று உரசின. எனக்கு உயிர் போகிற நோவு. நான் அழவில்லை. நல்ல செய்தி கேட்டவர்கள் இப்படித்தான் இறுக்கிப் பிடிப்பார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி நின்றேன்.